ஸ்போர்ட்ஸ் காரா, படகா? சும்மா நிற்கும்போது எது அதிகம் தின்னும்?

கேள்வி: என் வயது 47. நடத்திவந்த தொழிலில் என் பங்கை விற்றதில் ஒரு பெரிய தொகை கைக்கு வந்திருக்கிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இளம் வயதிலிருந்தே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவியும் பிள்ளைகளும் மோட்டார் படகு வாங்கலாம் என்கிறார்கள். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் காரும் படகும் ஏறக்குறைய ஒரே விலை, இரண்டும் புதியவை. அந்த விலை என் மொத்தச் சேமிப்பில் கால் பங்கு வரும். கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். எதைப் பராமரிக்கச் செலவு குறைவு? பாதிப் பணம் கொடுத்து மீதிக்குக் கடன் வாங்கலாமா?

பதில்: கடனை அடைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ஆசையைப் பற்றிக் கேட்கிறீர்கள். இந்த வரிசையில் யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை: ஓய்வுக்காலம். சொந்தத் தொழில் பார்த்தவருக்கு மாதா மாதம் ஓய்வூதியம் வர பெரும்பாலும் வழி இருக்காது. நீங்கள் இன்றைக்குச் செலவழிக்கப் போகும் 100, ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் சுமார் பத்து ஆண்டில் 200 ஆகும். அதாவது உங்கள் 57 வயதில் அந்தப் பணம் இரண்டு மடங்காக நிற்கும். எனவே சேமிப்பில் கால் பங்கு என்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு ஆசையும் அடங்க வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். விலை ஒன்றாக இருக்கலாம், செலவு வைக்கும் விதம் வேறு. கார் ஓட ஓடச் செலவு வைக்கும். படகு ஓடாமல் நின்றாலும் வைக்கும். இரண்டையும் ஒப்பிடும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காரில் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். புதிதாக வாங்கும் கார் முதல் ஆண்டிலேயே விலையில் 15 முதல் 20 சதவீதம் வரை இழக்கலாம். அப்புறம் அந்தச் சரிவு மெதுவாகும். எல்லாக் கார்களும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. போர்ஷே 911 விலையை நன்றாகத் தாங்கும் என்று பெயர் வாங்கியது. விலையுயர்ந்த வேறு பல கார்கள் சில ஆண்டுகளில் பாதி விலைக்கு வந்துவிடும். வாங்கும் முன்பு அதே மாடலில் நான்கு வருடப் பழைய கார் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையை அல்ல, கை மாறிய விலையை.

அடுத்து டயர், பிரேக், சர்வீஸ். ஸ்போர்ட்ஸ் காரின் டயர் சாலையை நன்றாகப் பிடிப்பதற்காக மிருதுவான ரப்பரில் செய்யப்படுவது, அதனால் சீக்கிரம் தேயும். பல கார்களில் பின் டயர் முன் டயரைவிட அகலம். சாதாரணக் காரில் செய்வது போல முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது. கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் போட்ட கார் என்றால், சாதாரணச் சாலையில் அது நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மாற்ற வேண்டிய நாள் வந்தால் ஒரு சிறிய கார் வாங்கும் அளவுக்குக்கூடச் செலவு வரலாம். ஆசை ஆசையாகப் பழைய ஃபெராரி எஃப்355 வாங்குகிறவர்கள், எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கே முழு எஞ்சினையும் கீழே இறக்க வேண்டும் என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறார்கள். 2004ல் வந்த எஃப்430ல் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தத் தொல்லை இல்லை. இப்படி ஒரு மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் இடையில் பராமரிப்பே தலைகீழாக மாறும். அந்தக் குறிப்பிட்ட மாடலைக் கழற்றிப் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் பேசுவது, பத்து விமர்சனம் படிப்பதைவிட உதவும்.

காப்பீடு சாதாரணக் காரைவிடக் கூடுதலாக வரும், அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பந்தயத் தடத்தில் ஓட்டும்போது ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை, இதையும் மனதில் வையுங்கள். இவ்வளவுதான் கார். ஆறு மாதம் எடுக்காமல் நிறுத்தினாலும், பேட்டரிக்கு ஒரு சிறிய சார்ஜரை மாட்டி, டயரில் காற்றைச் சரியாக வைத்து, உறை போட்டு மூடினால் பெரிய பாதிப்பு வராது. சர்வீஸ், டயர், காப்பீடு எல்லாம் சேர்த்து, புதிய விலையில் ஆண்டுக்கு 6 முதல் 8 சதவீதம் என்று நான் தோராயமாக ஒதுக்கச் சொல்வேன்.

படகு அப்படியல்ல. படகு வைத்திருப்பவர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் பராமரிப்புக்குப் போகும். இது சட்டம் இல்லை, சில ஆண்டு குறையும், சில ஆண்டு இரண்டு மடங்காகும். ஆனால் நீண்ட காலத்தில் பார்த்தால் இந்தக் கணக்கு அதிகம் தவறுவதில்லை.

எங்கே போகிறது இவ்வளவும்? படகுத்துறையில் நிறுத்த வாடகை, அதைப் படகின் நீளத்தை வைத்துப் போடுவார்கள், மாதம் தவறாது. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர்களும் ஒட்டும். ஒட்டினால் வேகம் குறையும், எரிபொருள் கூடும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, படகைக் கரைக்குத் தூக்கி, சுரண்டி, பாசி தடுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். தூக்கக் கூலி, இறக்கக் கூலி, கரையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை, எல்லாம் தனித்தனி. அப்புறம் துத்தநாகக் கட்டிகள். உப்பு நீரில் வேறு வேறு உலோகங்கள் சேர்ந்து கிடந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும். படகை உந்தும் புரொப்பெல்லரும் அதைச் சுழற்றும் ஷாஃப்டும் அரிபடாமல் இருக்க, தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும் கட்டிகளை மாட்டி வைப்பார்கள். அவை பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். கட்டியின் விலை சிறியது. கவனிக்காமல் விட்டால் புரொப்பெல்லர் போகும்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நானும் ஒரு நண்பரும் சேர்ந்து சில ஆண்டுகள் ஒரு சிறிய படகு வைத்திருந்தோம். ஒரு வருடம் இருவருக்கும் வேலை நெருக்கடி, படகு பல மாதம் அசையவே இல்லை. ஓடாத படகுக்கு என்ன செலவு வரப்போகிறது என்று அந்த ஆண்டு சர்வீஸைத் தள்ளிப்போட்டோம். கடல் நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பில் இம்பெல்லர் என்று ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். நின்றே கிடந்ததில் அந்த இதழ்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. முதல் பயணத்திலேயே உடைந்து, துண்டுகள் குளிர்விக்கும் குழாயில் போய் அடைத்து, எஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்றது. இன்னொரு படகு எங்களை இழுத்து வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரத்தை மாற்றாததால், எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டி வந்தது. ஓடும் படகைவிட ஓடாத படகுதான் சீக்கிரம் கெடும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். இன்று படகு வாங்கக் கேட்டு வரும் எல்லோரிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எரிபொருளிலும் வித்தியாசம் பெரிது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. சமமான சாலையில் சீராக ஓடும் கார் தன் எஞ்சின் சக்தியில் சிறிதளவைத்தான் பயன்படுத்தும். படகோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது. 200 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 70 லிட்டருக்கு மேல் குடிக்கும். நிதானமாகப் போனால் அதில் பாதி. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏழரை லிட்டர்தான்.

சரி, இப்போது இரண்டையும் மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்போம். விலை இரண்டுக்கும் 100 என்று கொள்வோம். காருக்குப் பராமரிப்பும் காப்பீடும் 8, தேய்மானம் சராசரியாக 10, மொத்தம் ஆண்டுக்கு 18. படகுக்குப் பராமரிப்பு 10, தேய்மானம் 8, அதுவும் 18. எரிபொருளை இதில் சேர்க்கவில்லை. ஆண்டுச் செலவு சமமாக வருகிறது பாருங்கள். ஆனால் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் காரில் நீங்கள் உட்காரும் நேரம் சுமார் 100 மணி. படகில் நான்கு மணி நேரப் பயணம் பத்து முறை போனால் 40 மணி. ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் படகு இரண்டரை மடங்கு.

உங்கள் மனைவி இந்தக் கணக்கை மறுக்கலாம், மறுப்பதில் நியாயமும் உண்டு. காரில் இரண்டு இருக்கை, பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான் போவீர்கள். படகில் நான்கு பேரும் போவீர்கள். 40 மணியை நான்கால் பெருக்கினால் 160. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பார்த்தால் படகே மலிவு. இது சரியான வாதம், நான் இதை ஒதுக்கமாட்டேன். எல்லாம் அந்த 40 மணி நிஜமாகவே நடக்குமா என்பதில் நிற்கிறது. பத்து முறை போவோம் என்று வாங்கியவர்கள் மூன்றாம் ஆண்டில் நான்கு முறை போனதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கடல் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. போக இரண்டு, வர இரண்டு, படகைத் தயார் செய்ய, திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை அலச இன்னும் ஒன்றரை. காற்றும் அலையும் ஒத்துழைக்க வேண்டும். பிள்ளைகள் வளர வளர அவர்களுடைய விடுமுறை நாட்கள் அவர்களுடையதாகிவிடும். 15 மணிதான் நடந்தது என்றால், நான்கு பேருக்கும் சேர்த்து 60. அப்போது அதே 18 தாங்க முடியாத விலை.

பழையது வாங்கினால் குறையுமா? விலை குறையும், பராமரிப்பு குறையாது. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாதி விலைக்கு வாங்கிய காருக்குப் பாதி விலையில் பிரேக் டிஸ்க் தரமாட்டார்கள். பழைய படகுக்காகத் துறை வாடகையைக் குறைக்கவும் மாட்டார்கள், நீளம் அதே நீளம்தானே. ஆகவே பராமரிப்புச் சதவீதத்தை எப்போதும் புதிய விலையின் மீது போடுங்கள். பழைய கார் என்றால் அடிபட்ட சரித்திரம், சர்வீஸ் ரசீதுகள், டயரின் வயது மூன்றையும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பழைய படகு என்றால், விற்பவருக்குத் தொடர்பில்லாத, படகைப் பரிசோதிக்கும் ஒரு சர்வேயரை உங்கள் செலவில் வைத்து, கரைக்குத் தூக்கிப் பார்த்து, கடலில் ஓட்டியும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்கும் நாளையும் யோசிக்க வேண்டும். நல்ல காருக்கு வாங்க ஆள் சீக்கிரம் கிடைப்பார்கள். படகு விற்க மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை துறை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

கடன் வேண்டாம், இரண்டுக்குமே வேண்டாம். விலை இறங்கும் பொருளைப் பாதிக் கடனில் வாங்கினால் தேய்மானமும் வட்டியும் ஒரே நேரத்தில் உங்களைத் தின்னும். படகுக் கடனை 15, 20 ஆண்டுக்குக்கூடத் தருகிறார்கள். தவணை சிறியதாகத் தெரியும், ஆனால் சில ஆண்டு கழித்து விற்கப் போனால் கிடைக்கும் பணம் கடனைக் கட்டவே போதாமல் போகலாம்.

என் பதில்: பராமரிப்பில் உங்களுக்குக் கார்தான் மலிவு, அதை வாங்குங்கள். ஆனால் நீங்கள் பார்த்த புதிய கார் அல்ல. அதைவிட ஒரு படி குறைவான மாடலில், மூன்று நான்கு வருடப் பழையதாக, முதல் சரிவை வேறொருவர் சுமந்துவிட்ட காராக. மஸ்தா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய கார்கள் 1989லிருந்து இருக்கின்றன, உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் நிதானமாகத் தேயும். ஓட்டும் சுகத்தில் குறையும் இல்லை. காரின் விலையோடு மூன்று ஆண்டுப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்குங்கள். அந்தப் பராமரிப்புப் பணத்தை இன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

படகை இந்த ஆண்டு வாடகைக்கு எடுங்கள். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் குடும்பத்துக்கு எத்தனை மணி நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. ஒரு நோட்டில் தேதி, யார் யார் வந்தார்கள், தண்ணீரில் எத்தனை மணி என்று மட்டும் எழுதுங்கள். மொத்தம் 30 மணியைத் தாண்டி, பிள்ளைகளும் ஒவ்வொரு முறையும் வந்திருந்தால் மீண்டும் எனக்கு எழுதுங்கள். அப்போது இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு சிறிய பழைய படகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். சிறியது என்று அழுத்திச் சொல்கிறேன். படகின் நீளம் இரட்டித்தால் அகலமும் ஆழமும் கூடவே வளரும், எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும், செலவும் அந்த வழியிலேயே போகும். டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் அளவில் இருந்தால் துறை வாடகையும் அடிப்பாகப் பெயின்ட்டும் மிச்சம். அதை இழுக்க வேறொரு வண்டி வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் இப்போது இருக்கும் காரின் இழுவைத் திறன் எத்தனை கிலோ என்று அதன் கையேட்டில் பார்த்து, அதையும் எழுதி அனுப்புங்கள்.