பொறுப்பான பெண் என்று பாராட்டும் முன்

கேள்வி: என் 9 வயது மகனுக்குத் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 14 வயது மகளைப் பரிசோதித்தபோது, அவளுடையது தம்பிக்குப் பொருந்தவில்லை. அதன் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கும் வரவில்லை என்று தானாகவே சொல்லிவிட்டாள். ரத்தம் ஏற்றும் நாள்களில் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். உறவினர்கள் பொறுப்பான பெண் என்கிறார்கள். எனக்கோ மனம் கேட்கவில்லை.
- ஒரு தாய், சேலம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அடம்பிடிக்கும் பிள்ளையை நாம் உடனே கவனிக்கிறோம். அடங்கிப்போகும் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறோம். பெற்றோருக்குத் தானும் பாரமாகக் கூடாது என்று உங்கள் மகள் முடிவெடுத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்தப் பரிசோதனை முடிவை அவளுக்கு விளக்குங்கள். திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுத் தொகுதிகள் தாயிடம் இரண்டும் தந்தையிடம் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்றுதான் குழந்தைக்கு வருகிறது. ஆகவே உடன்பிறந்த இருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அவளுடைய உடல் வலுவுக்கும், அவள் சாப்பிட்டதற்கும், எப்போதோ தம்பியை அடித்ததற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. இது சொல்லாமலே புரியும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம்; ஆனால் தம்பியைக் காப்பாற்றும் தேர்வில் தோற்றுவிட்டதாக ஒரு பிள்ளை மனத்துக்குள் வைத்துப் புழுங்குவது மிகவும் இயல்பு. மருத்துவரிடம் அவளே நேரில் கேட்பதற்கு ஐந்து நிமிடம் வாங்கிக்கொடுங்கள்.

ரத்தம் ஏற்றும் நாளில், உங்கள் இருவரில் ஒருவர் அவள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்திலாவது வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள். அவளுக்குச் சலிப்போ கோபமோ வந்தால், "தம்பி பாவம் இல்லையா" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். தம்பி மேல் உயிரையே வைத்திருக்கும் பிள்ளைக்கும் அவன் நோயின் மேல் வெறுப்பு வரும். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க இன்னும் நாள் இருந்தால், அவளை அனுப்பிவைக்க உங்களுக்கு விருப்பம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உறவினர்களின் பாராட்டையும் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றவே அவள் இன்னும் ஒடுங்கிப்போவாள்.

இன்னொன்றும் அவள் மனத்தில் இருக்கக்கூடும், தனக்கும் இந்த நோய் வருமோ என்ற பயம். தலசீமியா மேஜர் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டுவிடும் நோய். 14 வயதில் அவளுக்குப் புதிதாக வராது. ஆனால் பெற்றோர் நீங்கள் இருவரும் தலசீமியா மைனராக, அதாவது அந்த நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக, இருப்பதால், அவளும் மைனராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மைனராக இருப்பவர்கள் பொதுவாக எல்லோரையும் போலவே வாழ்கிறார்கள். அதிகம் போனால் லேசான ரத்தசோகை இருக்கும். இதுவரை பார்க்கவில்லை என்றால், ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். மைனர் என்று தெரிந்தால், பிற்காலத்தில் அவளை மணக்கப்போகிறவரும் அதே பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டியிருக்கும்; இருவருமே மைனராக இருந்தால்தான் பிள்ளைக்கு மேஜர் வரக்கூடும். கல்யாணப் பேச்சில் யாரோ சொல்லி அவள் இதைத் தெரிந்துகொள்வதைவிட, இப்போதே உங்கள் வாயால் கேட்கட்டும்.