பழைய ரயில் நிலையத்தில் தரையை விட்டுச் சுவருக்கு வெளிச்சம் கொடுங்கள்

கேள்வி: நூறு வருடம் தாண்டிய ரயில் நிலையங்களில் பழைய அழகு கெடாமல், மின்சாரமும் மிச்சமாகும்படி விளக்கு அமைப்பது எப்படி?

கட்டடங்களுக்கு விளக்கு அமைப்பதுதான் என் தொழில். நான் பார்த்த வரையில் பெரும்பாலானவர்கள் பல்பை மாற்றுவதில் தொடங்குகிறார்கள். 250 வாட் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு 100, 120 வாட் எல்இடி மாட்டினால் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு பழைய நிலையத்தில், முகப்பு முழுக்க 6500 கெல்வின் வெள்ளை ஃப்ளட்லைட் மாட்டியிருந்தார்கள். (கெல்வின் என்பது ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு. எண் ஏற ஏற ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும், இறங்க இறங்க மஞ்சளாகும்.) பகலில் கனன்று நிற்கும் செங்கல் இரவில் சாம்பல் பூசியது போலக் கிடந்தது. மனசு ஆறவில்லை.

நம் எழும்பூர் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1908-ல் திறக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதுதான் அதன் முகம். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான வார்ம் வைட், அதாவது இளமஞ்சள் சாயலுள்ள வெளிச்சம் வேண்டும். அது மட்டும் போதாது. நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு 100-க்கு இத்தனை என்று நிறத்தரம் (சிஆர்ஐ) ஒன்று உண்டு. பெட்டியில் ‘நிறத்தரம் 80’ என்று போட்டிருக்கும் எல்இடியிலும் அடர் சிவப்பு மோசமாகத் தெரியலாம், ஏனென்றால் அந்த 80 என்ற சராசரிக் கணக்கில் அடர் சிவப்பு சேராது. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஓர் எண் உண்டு. அது 50-க்கு மேல் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். செங்கல் கட்டடத்துக்கு இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும் ‘வெளிச்சமாக இருக்கிறது’ என்று நம் கண் சொல்வது பெரும்பாலும் சுவரையும் கூரையையும் வைத்துத்தான். தரையில் எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் சுவர் இருண்டிருந்தால் கூடம் குகை மாதிரிதான் தோன்றும். அதனால் வளைவுகளின் அடிப்பகுதியிலும் தூண் தலைப்புகளுக்கு மேலேயும் சின்ன விளக்குகளை மறைத்து வைத்து, சுண்ணாம்புச் சுவரில் ஒளியைப் படரவிடுங்கள். ஆங்காங்கே நிழலும் இருக்கட்டும். குறைந்த வாட்டிலேயே கூடம் நிறைந்து தெரியும். படிக்கட்டு, பிளாட்பார ஓரம், டிக்கெட் கவுன்டர் மூன்றிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வயதானவர்களின் கண்ணுக்கு அங்கே நல்ல வெளிச்சம் வேண்டும்.

‘அந்தக் காலத்து விளக்கு’ என்றதும் இரும்பு லாந்தர் மாதிரி ஏதாவது வாங்கி மாட்டிவிடுவதும் நடக்கிறது. அந்தக் கட்டடத்தில் அப்போது என்ன எரிந்தது என்று பழைய புகைப்படங்களில் தேடுங்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் 1913-ல் திறந்தபோது மின்சாரமே பெருமையான புதுமை. அதனால் மூடி எதுவும் இல்லாமல் வெறும் குண்டு பல்புகளை வரிசை வரிசையாகக் காட்டினார்கள். அங்கே பல்பைக் கண்ணாடிக் குடுவைக்குள் ஒளித்தால் அதுதான் பொய்.

சரி, மிச்சம் எங்கே வருகிறது? பல்புக்கு அப்புறம் ஸ்விட்சில். நம் ரயில்வேயில் 70-30 சர்க்யூட் என்பார்கள். வண்டி இல்லாத நேரத்தில் பிளாட்பாரத்தில் 30 சதவீத விளக்குகள் மட்டும் எரியும். வண்டி நிலையத்துக்குள் வர அனுமதிக்கும் ஹோம் சிக்னல் கிடைத்ததும் மீதி 70-ம் தானாக எரியும். இதைப் பழைய நிலையத்தில் இன்னும் அழகாகச் செய்யலாம். எல்லா விளக்கையும் ஒரேயடியாகப் போட்டு அணைக்காமல் மெல்ல ஏற்றி இறக்குங்கள். முகப்பு விளக்கை நள்ளிரவுக்குப் பின் பாதியாகக் குறையுங்கள்.

பழைய கல்லிலும் செங்கலிலும் துளை போடவே கூடாது. ஆணி அடித்தே ஆக வேண்டுமென்றால் இடையிலுள்ள காரையில் அடிக்கட்டும், பிறகு பூசி மூடிவிடலாம். புறா உட்காராத இடமாகவும், ஏணி எட்டும் இடமாகவும் பாருங்கள். துடைக்க முடியாத விளக்கு சீக்கிரமே மங்கிப்போகும்.

தண்டவாளம் பார்த்த பக்கத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நிற விளக்கு ஒன்றுகூட வேண்டாம், லோகோ பைலட் சிக்னல் என்று குழம்பிவிடக் கூடாது. மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு வளைவில் மாதிரிக்கு மாட்டி, இரவில் நின்று பாருங்கள். பயணி நிற்கும் இடத்திலிருந்து ஒரு முறை, வண்டி உள்ளே வரும் திசையில் பிளாட்பாரக் கடைசியிலிருந்து ஒரு முறை. இரண்டு இடத்திலும் கண் கூசவில்லை என்றால் ஆர்டர் கொடுங்கள்.