கை உடைந்து மாவுக்கட்டோடு இருக்கும்போது எடைப் பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், நல்ல கையால். இடது மணிக்கட்டு முறிந்து கட்டோடு இருக்கிறேன், இத்தனை நாள் ஜிம்முக்குப் போனதெல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே மணிக்கட்டுதான் போனது.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மாங்காய் சீசனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது டெம்போ மேலிருந்து கிரேட் பெட்டியோடு விழுந்து கையை ஊன்றிவிட்டேன். ஆறு வாரம் கட்டு. பெரியப்பா புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று வேனே பேசி வைத்துவிட்டார், அது தனிக்கதை.

முதல் இரண்டு வாரம் படுத்தே கிடந்தேன். அப்புறம் பிசியோதெரபி பார்க்கும் அக்காதான், "வலது கை சும்மாதானே இருக்கு, அதுக்கென்ன கேடு?" என்றார். ஒரு கைக்கு மட்டும் செய்தால் கோணலாகிவிடுமே என்று பயந்தேன். ஆனால் ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் சும்மா இருக்கும் கைக்கும் கொஞ்சம் பலம் சேருகிறது என்பதை 1894லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் சோதித்து எழுதியிருக்கிறார். பலம் என்பது சதை மட்டும் இல்லை, சதையை எப்படி இயக்குவது என்று மூளையும் நரம்பும் பழகுவதும்தான், அந்தப் பழக்கம் அடுத்த கைக்கும் போய்ச் சேர்கிறது. சதை வளரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது என் இடது கை தோல் உரிந்து முருங்கைக்காய் மாதிரி இருந்தது, வாட்ச் வாரை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளித்தான் போட முடிந்தது.

ஆக, வலது கையில் டம்பெல், இறக்கும்போது மெதுவாக. காலுக்கு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஆனால் தடுமாறி விழாத இடமாகப் பாருங்கள். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், தோளையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அசையுங்கள். நான் தோளை விட்டுவிட்டேன், கட்டு பிரித்த பிறகு சட்டை மாட்டவே அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. விரல் மரத்துப்போனாலோ நீலமானாலோ, கட்டு இறுக்கி வலி ஏறிக்கொண்டே போனாலோ காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கட்டு பிரித்த உடனே எடையைத் தொடாதீர்கள். எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, முதலில் வெறும் மணிக்கட்டை அசைப்பது, பிறகு ஈரத்துண்டைப் பிழிவது, அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது அரை கிலோ. ஜிம்மில் நான் அந்தப் பாட்டிலோடு நின்றபோது ஒரு பையன், "அண்ணா, தண்ணி குடிக்கவா வந்தீங்க?" என்றான். சிரித்துவிட்டு எண்ணினேன், வேறென்ன செய்ய.

இரண்டு கையாலும் பிடிக்கும் கம்பி கொஞ்ச நாளைக்கு வேண்டாம், நல்ல கை தெரியாமலே பாரத்தை வாங்கிக்கொள்ளும், பலவீனமான கை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். தனித்தனி டம்பெல்தான் நல்லது. ஒவ்வொரு சுற்றையும் இடது கையில் ஆரம்பியுங்கள், அது எட்டு தடவையோடு நின்றால் வலதும் எட்டோடு நிற்கட்டும். வலதுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இரண்டு கையாலும் கிரேட் தூக்க எனக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. இந்த சீசனிலும் ஏற்றுகிறேன், டெம்போ மேல் மட்டும் ஏறுவதில்லை, கீழே நின்று எடுத்துக் கொடுப்பதோடு சரி.