சிங்கரைக் கொண்டாட நூலகத்திற்கு நல்கை கிடைக்குமா?

யிட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) எழுத்தாளர் ஐசக் பாஷவிஸ் சிங்கரைக் கொண்டாடும் தொடர் நிகழ்ச்சி ஒன்றை நடத்த விரும்புவதாகவும், தங்களில் எவருக்கும் யிட்டிஷ் தெரியாத நிலையில் நல்கைக்கு (நிதியுதவிக்கு) எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்றும் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பொது நூலகத்தில் பணிபுரியும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

மொழி தெரியாதது தடையே அல்ல. ‘கொண்டாட்டம்’ என்பதுதான் விண்ணப்பத்தைப் பலவீனமாக்கும். இலக்கியம், வரலாறு போன்ற மானுடப்புலத் துறைகளுக்கான நல்கைகள் ஓர் எழுத்தாளரைப் புகழ்வதற்காக அல்லாமல், அவரை முன்னிட்டுப் பொதுமக்கள் எந்தக் கேள்வியை விவாதிக்கப் போகிறார்கள் என்பதற்காகவே வழங்கப்படுகின்றன. சிங்கரிடம் அத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 1935-இல் போலந்திலிருந்து நியூயார்க் வந்து, கடைசிவரை யிட்டிஷிலேயே எழுதி, அங்கு அப்போது வெளிவந்த யிட்டிஷ் நாளிதழான ‘ஃபார்வர்ட்ஸ்’ வழியாக வாசகர்களை அடைந்த அவர், அமெரிக்க நாவலாசிரியர் சால் பெல்லோ மொழிபெயர்த்த ‘கிம்பல் எனும் முட்டாள்’ சிறுகதை 1953-இல் வெளியான பிறகே ஆங்கில வாசகர்களிடம் பரவலாக அறியப்பட்டார். ஆங்கில வடிவங்களை மொழிபெயர்ப்பாளர்களுடன் அமர்ந்து தாமே திருத்தி எழுதியவரும்கூட. 1978-இல் நோபல் பரிசு பெற்ற இவரை அமெரிக்க எழுத்தாளர் என்பதா, போலந்து யூத எழுத்தாளர் என்பதா? இந்த ஒரு கேள்வியை வைத்தே மூன்று அமர்வுகளைத் திட்டமிடலாம்.

முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கமும் யூத இலக்கியத்தைப் பரப்பும் நெக்ஸ்ட்புக் அமைப்பும் இணைந்து நூலகங்களுக்கு நல்கை அளித்து நடத்திய யூத இலக்கிய வாசிப்புத் திட்டத்தில், ஒரு கருப்பொருளுக்கு ஐந்து நூல்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டு, துறையறிஞர் ஒருவர் உரையாடலை வழிநடத்தினார். பேய்களும் கோலெம்களும் (யூதத் தொன்மத்தில் களிமண்ணால் செய்து உயிரூட்டப்படும் உருவங்கள்) பற்றிய கருப்பொருளில் சிங்கரின் ‘கொராயில் சாத்தான்’ நாவல் காஃப்காவின் ‘உருமாற்ற’த்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. இந்த அமைப்பையே பின்பற்றுங்கள் என்பேன். விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும் முன்பே அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் யூதவியல் அல்லது ஒப்பிலக்கியத் துறையில் ஓர் அறிஞரைக் கண்டு, அவருடைய ஒப்புதல் கடிதத்தைப் பெற்றுவிடுங்கள். மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் அதைத்தான்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில், கூட்டாட்சி அரசின் நல்கை அமைப்பான தேசிய மானுடப்புல அறக்கட்டளைக்கு (NEH) நேரடியாகப் போவதைச் சிறிய நூலகத்திற்குப் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டாட்சி அரசின் பதிவு நடைமுறைக்கே வாரக்கணக்கில் ஆகலாம். உங்கள் மாநில மானுடப்புல மன்றத்தின் சிறு நல்கைகளே பொருத்தம். ஆனால் 2025 ஏப்ரலில் அந்த அறக்கட்டளை பல நல்கைகளை ரத்து செய்ததில் அதன் நிதியை நம்பியிருந்த மாநில மன்றங்களும் பாதிக்கப்பட்டன. மெலன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தபோதும் எல்லா மன்றங்களும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாகக் கருத வேண்டாம். ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன் மன்றத்தின் நல்கை அலுவலரிடம் தொலைபேசியில் பேசுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள யிட்டிஷ் நூல் மையமும் பொது நூலகங்களின் வாசிப்புக் குழுக்களுக்கான திட்டங்களை நடத்தியிருக்கிறது; இப்போது அழைப்பு ஏதும் திறந்திருக்கிறதா என்று அங்கும் விசாரியுங்கள்.

வரவுசெலவில் அறிஞரின் மதிப்பூதியம், வாசகர்களுக்கான நூற்படிகள், விளம்பரம் ஆகியவற்றைக் காட்டுங்கள். இணைநிதி (நூலகம் தன் பங்காகக் காட்ட வேண்டிய தொகை) கேட்கப்பட்டால் ஊழியர் நேரம், அரங்கின் மதிப்பு போன்றவற்றையே கணக்கில் கொள்ள முடியுமா என்று பாருங்கள். சிற்றுண்டிச் செலவைப் பல நல்கைகள் ஏற்பதில்லை. அதை நூலக நண்பர்கள் குழுவிடம் விட்டுவிடலாம்.

உரிமை விஷயத்தை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். சிங்கர் இறந்தது 1991-இல்தான்; அவருடைய நூல்கள் பலவும் இன்னும் காப்புரிமைக்கு உட்பட்டவை. நுழைவுக் கட்டணமோ, வாசிப்பவருக்கு ஊதியமோ இல்லாத, இலாப நோக்கற்ற நிகழ்ச்சியில் கதையை உரக்க வாசிப்பதை அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 110(4) பிரிவு அனுமதிக்கிறது; ஆனால் அதையே இணையத்தில் ஒளிபரப்பினால் இந்த விலக்கு பொருந்தாது. அறிஞருக்கு மதிப்பூதியம் தருவதால், வாசிப்பை ஊதியம் பெறாத தன்னார்வலர் செய்யட்டும். அவருடைய கதையிலிருந்து உருவான ‘யெண்டல்’ படத்தைத் திரையிட நினைத்தால், நூலகத்தில் குறுந்தகடு இருப்பது மட்டும் போதாது. பொதுத் திரையிடல் உரிமத்தைப் பெற்று, அதன் கட்டணத்தையும் வரவுசெலவில் சேர்த்துவிடுங்கள்.