அமெரிக்கர்கள் ஏன் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்? அது உண்மையிலேயே அவர்களின் உரிமையா?

உரிமைதான். 1791-இல் அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் தருவது. பிரிட்டிஷ் மன்னரின் படையோடு போரிட்டு விடுதலை பெற்ற தலைமுறை அது. நிரந்தர ராணுவம் என்றாலே பயம், ஊர்மக்கள் சேர்ந்த குடிப்படை மேல் நம்பிக்கை. திருத்தத்தின் வாசகமே குடிப்படையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. சரி, உரிமை அந்தப் படைக்கா, தனி ஆளுக்கா? 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து, தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2022-இல் பொது இடங்களுக்கும் அதை நீட்டித்தது.

இன்று பெரும்பாலோர் சொல்லும் காரணம் தற்காப்பு. அப்புறம்தான் வேட்டை, குறிசுடுதல். ஆனால் அங்கே துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மன உளைச்சலில் ஒருவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.