9% ஃபிளாட்டா, 14% ரெடியூசிங்கா, எது லாபம்?

கேள்வி: சார், செகண்ட் ஹேண்ட் லோட் ஆட்டோ எடுக்க 2 லட்சம் லோன் பாக்குறேன். ஃபைனான்ஸ் கம்பெனில 9% ஃபிளாட், 36 மாசம், இஎம்ஐ 7,056ங்கிறாங்க. ப்ராசஸிங் ஃபீ 4,720 (ஜிஎஸ்டியோட), லோன் இன்சூரன்ஸ் 3,500, ரெண்டையும் புடிச்சுக்கிட்டுதான் பணம் தருவாங்களாம். பேங்க்ல 14% ரெடியூசிங்னு சொன்னாங்க. 9%தானே கம்மி? பேப்பர் ஃபுல்லா இங்கிலீஷ், ஒண்ணும் புரியல, நாளைக்கே சைன் பண்ண சொல்றாங்க. - ஈரோடு வாசகர்

பதில்: நாளைக்கு சைன் பண்ணாதீங்க. ஃபிளாட்னா நீங்க மாசாமாசம் அசலை அடைச்சுக்கிட்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 2 லட்சத்துக்கே போடுவாங்க, அதாவது மாசம் 1,500. முப்பத்தாறாவது மாசம் பாக்கி அசல் ஐயாயிரத்து சொச்சம்தான் இருக்கும், அப்பவும் வட்டி அதே 1,500. ரெடியூசிங்ல பாக்கி இருக்குற அசலுக்கு மட்டும்தான் வட்டி. அந்தக் கணக்குப்படி பாத்தா உங்க 9% கிட்டத்தட்ட 16.2% வருது.

அதோட விடல, 8,220 ரூபா புடிச்சுக்கிட்டா உங்க கைக்கு வர்றது 1,91,780தான், ஆனா 2 லட்சத்துக்கு இஎம்ஐ கட்டுறீங்க, அதையும் சேத்தா 19% தாண்டிடுது. பேங்க் சொன்ன 14%க்கு இஎம்ஐ சுமார் 6,836, மாசம் 220 ரூபா கம்மி. அவங்களும் ஃபீ போடுவாங்க, அது எவ்வளவுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எந்த இடமா இருந்தாலும் "கேஎஃப்எஸ் குடுங்க"ன்னு கேளுங்க, அதாவது கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட், லோனோட வட்டி, செலவு எல்லாத்தையும் போட்ட விவரத்தாள். 2024 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் ரூல் இது, பேங்க்கோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, இந்த மாதிரி லோனுக்கு எல்லா செலவையும் சேத்த வருஷ வட்டிய ஏபிஆர்னு போட்டு, உங்களுக்குப் புரியுற மொழியில தரணும், விளக்கியும் சொல்லணும். தமிழ்ல கேட்டா தர்றது அவங்க கடமை, உங்களுக்கு பண்ற உதவி இல்ல. அதுல சொல்லாத சார்ஜை உங்க சம்மதம் இல்லாம அப்புறம் போட முடியாது. அதோட இந்த மாதிரி வருஷக்கணக்கு லோனுக்கு அந்த பேப்பர் குடுத்தப்புறம் யோசிக்க குறைஞ்சது மூணு வேலை நாள் டைம் உண்டு, அதனால "நாளைக்கே"ங்கிற அவசரம் அவங்களோடது, உங்களோடது இல்ல. (டார்கெட் பிரஷர் பாவம், அது வேற கதை.)

அந்த இன்சூரன்ஸ் கட்டாயமான்னு எழுத்துல கேளுங்க, சில இடத்துல அப்படி கேட்டதும் "வேணாம்னா எடுத்துடலாம் சார்"னு வரும். போர்குளோஷர்னா வண்டிய தூக்கிட்டுப் போறதுன்னு நிறைய பேர் பயப்படுறாங்க, அது இல்ல, லோனை முன்னாடியே மொத்தமா அடைக்கிறது. ஃபிக்ஸட் ரேட்ல, அதாவது கடைசி வரைக்கும் வட்டி விகிதம் மாறாத லோன்ல, அதுக்கும் சார்ஜ் போடலாம், எத்தனை பர்சென்ட்னு இப்பவே பாத்துக்கோங்க, சீசன்ல நல்ல ஓட்டம் கிடைச்சு சீக்கிரம் அடைக்கணும்னு நினைக்கிறப்பதான் அது கடிக்கும்.

ரெண்டு இடத்து கேஎஃப்எஸ்ஸையும் வாங்கி ஏபிஆர் லைனை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, கம்மியா இருக்குறத எடுங்க. கேஎஃப்எஸ் தர மாட்டேன்னா முதல்ல கம்பெனிக்கே எழுதிக் குடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் 14448க்கு போன் போட்டு மேல என்ன பண்ணணும்னு கேளுங்க.