கடல் நாடகத்தில் யாருக்கும் வசனம் வேண்டாம்

கேள்வி: 5, 6 வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 28 பேர். கடலில் எந்த உயிர் எங்கே வாழ்கிறது, கடலை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதை நாடகமாகச் சொல்லித்தர ஆசைப்பட்டேன். எல்லோருக்கும் மீன் முகமூடி செய்து, ஆளுக்கொரு வரி வசனமும் கொடுத்தேன். பாதிப் பேர் வசனத்தை மறந்துவிடுகிறார்கள். கூச்சப்படும் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. ஆமை வலையில் சிக்கிச் செத்துப்போகும் காட்சியில் ஒரு குழந்தை தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். வளங்களை அளவோடு எடுப்பது போன்ற பெரிய விஷயமெல்லாம் இந்த வயதுக்கு எட்டுமா?

பதில்: தாராளமாக எட்டும். முதலில் அந்த வசனங்களை விட்டுவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை நாள் முழுக்க நடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பூனையாகிறது, பஸ் டிரைவராகிறது, அம்மாவாகிறது. அதற்கெல்லாம் யாரும் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. நாம் எழுதிக் கொடுத்ததும் அது நடிப்பதை நிறுத்திவிட்டு ஒப்பிக்க ஆரம்பிக்கிறது. மறந்துபோவது அந்த ஒப்பித்தல்தான்.

வசனத்துக்குப் பதிலாக விதி கொடுங்கள். கடலைப் பற்றிய ஓர் உண்மையை எடுத்து, அதையே விளையாட்டின் விதியாக்கிவிடுங்கள். உதாரணத்துக்குக் கடலாமை. அது நீரிலேயே வாழ்ந்தாலும் நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது, அதனால் அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். இதை மூன்று முறை சொல்லிக் கொடுத்தாலும் அடுத்த வாரம் மறந்துபோகும். "ஆமைகள் தரையில் தவழலாம், மேயலாம், தூங்கலாம். ஆனால் நான் கைதட்டும்போது எழுந்து நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் மறுபடி கீழே போகணும்" என்று விதி வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அது உடம்பில் ஏறிவிடும்.

அடுத்து, ஒரே ஒரு வாழிடத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி நாடகங்களில் திமிங்கிலம், பெங்குயின், கோமாளி மீன், சுறா எல்லாம் ஒரே மேடையில் கைகோத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெங்குயினும் பவளத்திட்டில் வாழும் கோமாளி மீனும் கடலில் சந்தித்துக்கொள்வது அநேகமாக நடக்காது. யார் எங்கே வாழ்கிறார்கள் என்று சொல்லித்தரத்தான் நாடகம் போடுகிறோம் என்றால் இந்தக் கலவை அந்த நோக்கத்தையே கெடுத்துவிடும்.

என் தேர்வு கடற்புல் வெளி. பவளத்திட்டு அளவுக்கு அதற்குப் புகழ் இல்லை, ஆனால் 28 குழந்தைகளுக்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கடற்புல் பாசி இல்லை. வேர், தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள தாவரம். வெயில் எட்டும் ஆழமில்லாத கடலில் வளர்கிறது. அதன் வேர்கள் மணலைப் பிடித்து வைக்கின்றன. குஞ்சு மீன்கள் இலைகளுக்கு நடுவில் ஒளிந்து வளர்கின்றன. கடல்குதிரை வாலால் இலையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. வளர்ந்த பச்சை ஆமையும் கடற்பசுவும் அங்கே மேய வருகின்றன.

பன்னிரண்டு குழந்தைகள் புல்லாகட்டும். தரையில் கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்து, கைகளைத் தூக்கி, நீரோட்டத்துக்கு ஏற்ப அசைய வேண்டும். நான்கு கடல்குதிரைகள். ஒவ்வொன்றும் ஒரு புல்லின் மணிக்கட்டை ஒரே விரலால் பற்றிக்கொள்ளும், நீரோட்டம் வேகமானாலும் விடக் கூடாது. ஆறு குஞ்சு மீன்கள், மூன்று ஆமைகள், இரண்டு கடற்பசுக்கள். கடற்பசு பாலூட்டி, அதனால் அதுவும் மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். மிச்சமுள்ள ஒருவர் சூரியன். மஞ்சள் துணியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்தப் புல் வேடம்தான் சரி. பேச வேண்டாம், தனியாக நிற்க வேண்டாம், ஆனால் அவர்கள் இல்லாமல் நாடகமே இல்லை. அதை அவர்களே உணரும்படி ஒரு காட்சி வையுங்கள். கரையிலிருந்து சேறு கலந்த நீர் வருகிறது என்று சொல்லி, ஒரு பழுப்புப் போர்வையைச் சூரியனுக்கும் புல்லுக்கும் நடுவில் பிடியுங்கள். வெளிச்சம் வராததால் புல் மெல்லக் கைகளைத் தாழ்த்துகிறது. அப்போது ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, "இப்போ நீ எங்கே போவே?" என்று கேளுங்கள். கடல்குதிரைக்குப் பிடிக்க ஏதுமில்லை. குஞ்சு மீனுக்கு ஒளிய இடமில்லை. ஆமைக்குச் சாப்பாடு இல்லை. ஒன்று சரிந்தால் மற்றதும் சரியும் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது. அப்புறம் போர்வையை எடுத்துவிடுங்கள், புல் நிமிரட்டும். நிஜத்தில் கடற்புல் மீண்டுவர வருடக்கணக்கில் ஆகும், அதையும் சொல்லிவிடுங்கள்.

இனி ஆமைக்கும் வலைக்கும் வருவோம். அந்தக் குழந்தை அழுதது தப்பே இல்லை, காட்சிதான் அந்த வயதுக்கு அதிகம். சாவோடு முடித்துவிட்டால் குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை, பயந்துபோய் உட்கார்ந்துவிடும். அதே வலையை ஒரு சிக்கலாகக் கொண்டுவாருங்கள்.

தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நீங்களே மீனவராக உள்ளே வாருங்கள். துண்டு தோளில் இருந்தால் மீனவர், எடுத்துவிட்டால் டீச்சர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். இந்த வயதில் கற்பனைக்கும் நிஜத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் கோடு ஒன்று வேண்டும். ஒரு மெல்லிய துணியை வலையாக இரண்டு பெரியவர்கள் பிடிக்க, அது ஆமைகளின் தலைக்கு மேல் வருகிறது. நீங்கள் கைதட்டுகிறீர்கள். ஆமைகளால் எழ முடியவில்லை. அங்கேயே நிறுத்துங்கள், எல்லோரும் சிலை. ஒரு நொடிதான், அதற்கு மேல் வேண்டாம். துணியை எடுத்துவிட்டு மீனவராகவே பேசுங்கள்: "எனக்கு இறால்தான் வேணும். வீட்டுல பிள்ளைங்க இருக்காங்க, வெறுங்கையோட போக முடியாது. ஆனா வலையில ஆமையும் மாட்டிக்குது. நீங்க எல்லாம் வலை செய்யறதுல கெட்டிக்காரங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

இப்போது வகுப்பே வலை செய்யும் பட்டறை. குழந்தைகளைத் தொழில் தெரிந்தவர்களாக நடத்தி, அவர்களிடம் உதவி கேட்டு வரும் ஆளாக ஆசிரியர் மாறும் இந்த முறையை வளர்த்தெடுத்தவர் இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டாரத்தி ஹீத்கோட் (1926-2011). "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால் பயந்து ஒதுங்கும் பிள்ளைகூட, "எனக்குத் தெரியலை, நீ சொல்லேன்" என்று கேட்டால் முன்னால் வரும்.

யோசனைகள் கொட்டும். "மீன் பிடிக்கவே போகாதீங்க" என்று ஒரு குழந்தை கட்டாயம் சொல்லும். "அப்ப நான் சாப்பாட்டுக்கு என்ன செய்யறது?" என்று மீனவராகவே கேளுங்கள். "வலையில பெரிய ஓட்டை போடுங்க" என்று இன்னொன்று. "இறாலும் அந்த வழியா போயிடுமே?" எந்த யோசனையையும் தள்ளிவிடாமல், பேப்பரில் வரையவும் கயிற்றால் செய்து பார்க்கவும் விடுங்கள். அவர்கள் தேடி முடித்த பிறகு துண்டை எடுத்துவிட்டு டீச்சராகச் சொல்லுங்கள்: பெரியவர்களும் இதே மாதிரி யோசித்து ஒரு கருவி செய்திருக்கிறார்கள். இறால் பிடிக்கும் இழுவலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் இருக்கும். கம்பிகளுக்கு இடையில் சுமார் 10 செ.மீ. இடைவெளி. இறால் அதில் நுழைந்து வலையின் பின்பக்கம் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, அங்கே திறந்திருக்கும் வாசல் வழியே வெளியேறிவிடும். ஆமை விலக்கு சாதனம் என்று பெயர். பல நாடுகளில் இறால் இழுவலைக்கு இது கட்டாயம். உடனே அதையும் நடித்துப் பாருங்கள். நான்கு பேர் கைகளைக் கீழ்நோக்கி நீட்டிக் கம்பிகளாக நிற்கட்டும், உருட்டிய காகித இறால்கள் இடையில் போகும், ஆமைக் குழந்தைகள் மோதித் திரும்பி வாசலைத் தேடுவார்கள்.

மீனவரை வில்லனாக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். உங்கள் வகுப்பிலேயே மீன் பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். அது ஒருபுறம் இருக்க, வில்லனை விரட்டினால் கடல் சரியாகிவிடும் என்ற பொய்யையும் அது சொல்லிவிடுகிறது. பள்ளி நாடகங்களில் வழக்கமாக வரும் பிளாஸ்டிக் அரக்கனும் இதே ரகம்தான். அவனை அடித்து விரட்டிவிட்டுக் குழந்தை கைகழுவிவிடும். அதற்குப் பதில் பின்னோக்கி நடக்கும் நாடகம் ஒன்று போடுங்கள். புல்வெளியில் ஒரு பாட்டில் மூடி கிடக்கிறது. "இதுக்கு முன்னாடி இது எங்கே இருந்துச்சு?" எல்லோரும் பின்பக்கமாக நடந்து ஆற்றுக்குப் போகிறார்கள். அதற்கும் முன்னால்? சாக்கடைக்கு. அதற்கும் முன்னால்? தெருவுக்கு. கடைசியில் ஒரு கைக்கு. அந்தக் கையிலிருந்து இப்போது முன்னோக்கி நடங்கள், எந்த இடத்தில் கதையை மாற்றலாம் என்று குழந்தைகளே நிறுத்தட்டும்.

அளவோடு எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். இதற்கு மட்டும் குழந்தைகளை மீனாக்காமல் பொத்தான்களைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் இதில் மீன் தீர்ந்துபோக வேண்டியிருக்கும். நீலத் துணியில் 20 பொத்தான்கள். வகுப்பு நான்கு மீனவக் குடும்பங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குடும்பம் எத்தனை எடுக்கலாம் என்று தனக்குள் பேசி முடிவு செய்யும். எடுத்தபின் மிஞ்சியவை குஞ்சு பொரித்து இரட்டிப்பாகும், ஆனால் கடலில் 20க்கு மேல் இடமில்லை. குடும்பத்துக்கு 4 எடுத்தால் மிஞ்சுவது 4, அது 8 ஆகும். அடுத்த சுற்றில் குடும்பத்துக்கு 2 எடுத்தாலே துணி காலி. முதலிலிருந்தே 2 எடுத்திருந்தால்? 12 மிஞ்சும், மறுபடி 20. இப்படி எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம். நிஜக் கடல் இவ்வளவு நேர்த்தியாகக் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனாலும் இந்த வயதுக்கு இது போதும்.

முதல் முறை அநேகமாகக் கடல் காலியாகும். நடுவில் புகுந்து தடுக்காதீர்கள். காலியான துணியைச் சுற்றி உட்கார்ந்து, "நாளைக்கு என்ன செய்யறது?" என்று குடும்பங்கள் தங்களுக்குள் பேசட்டும். சண்டை வரும், "அவங்கதான் நிறைய எடுத்தாங்க" என்ற புகார் வரும். அந்தச் சண்டைதான் பாடம், அவசரமாகச் சமாதானம் செய்துவிடாதீர்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

கடல் வெப்பமாவதைக் கொண்டுவரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்த வயதில் அதைப் பேரழிவாகக் காட்ட வேண்டாம். அவர்களால் எதுவும் செய்ய முடியாத ஒரு பயத்தைக் கையில் கொடுப்பது நியாயமில்லை. கேள்வி அவர்களிடமிருந்தே வந்தால் பவளத்தை வைத்துச் சொல்லலாம். பவளம் கல் மாதிரி இருந்தாலும் குட்டிக் குட்டி விலங்குகளின் கூட்டம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பகுதி உணவைத் தயாரித்துத் தருகிறது, நிறமும் பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் அதிகம் சூடானால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். வெளுத்த உடனே செத்துவிடுவதில்லை, சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரக்கூடும். நடிக்கும்போது பவளக் குழந்தையின் மடியில் வண்ணத் துணி. சூடு வந்தால் துணி போகும், தணிந்தால் திரும்பும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொருட்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஜிகினாத்தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். தெர்மாக்கோலும் அப்படியே. கடலைக் காக்கும் நாடகத்துக்கு இரண்டும் வேண்டாம். பழைய துணி, அட்டைப்பெட்டி, கயிறு போதும், முகமூடி தேவையே இல்லை.

பெற்றோர் முன் மேடையேற்றச் சொன்னால் பார்வையாளர் வரிசையைக் கலைத்துவிட்டு அவர்களையும் தரையில் உட்கார வையுங்கள். பன்னிரண்டு பெற்றோர் புல்லாகட்டும். மீனவரின் துண்டை ஒரு குழந்தை தோளில் போட்டுக்கொண்டு, "வலையில ஆமை மாட்டுது, என்ன செய்யலாம்?" என்று அவர்களிடம் கேட்கட்டும். பதிலைப் பெரியவர்கள் தேட வேண்டியதுதான், குழந்தைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.